மருத்துவக் கல்லூரியில் உங்களோடு படித்து, இப்போது உயிரோடு இல்லாத நண்பரைப் பற்றி உங்கள் மனதில் நிற்பது எது?

இதைக் கேட்டவருக்கும் அண்மையில் இப்படி ஓர் இழப்பு நேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். சும்மா யாரும் இப்படிக் கேட்பதில்லை. நானும் அப்படி ஒருவனைப் பறிகொடுத்தவன். பெயர் வேண்டாம்.

என் மனதில் நிற்பது அவன் கை.

படிப்பில் அவன் சுமார்தான். மருந்தியலில் தோற்று, திரும்ப எழுதித் தேறினான். இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு 'முதல் தர மாணவர்' என்று பேசியபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. இறந்தவனைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மதிப்பெண் பட்டியலில் தேடினால் அவனைக் காண முடியாது, வார்டில் தேட வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டில் கல்லீரல் வீங்கிய ஒரு பெரியவர் வார்டில் இருந்தார். பேராசிரியர் செய்துகாட்டிவிட்டுப் போன பிறகு நாங்கள் வரிசையாக நின்று அவர் வயிற்றை அழுத்தினோம். எனக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு இவன் என்னைத் திரும்பக் கூட்டிப்போனான். பெரியவரிடம் அனுமதி கேட்டான். முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னான். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டான். நாங்கள் எல்லாரும் விலா எலும்புக்குக் கீழேயே அழுத்திக்கொண்டிருந்தோம். அவனோ வலது அடிவயிற்றில் கையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தான். நன்றாக வீங்கிய கல்லீரல் என்றால் மேலே வைத்த கை அதன் மீதே உட்கார்ந்திருக்கும், ஓரம் கிடைக்காது.

"நீ துரத்தாதே. கையை வெச்சுட்டு சும்மா இரு. அவர் மூச்சை இழுக்கும்போது அது தானா இறங்கி வந்து உன் விரலைத் தொடும்."

வந்து தொட்டது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், மழுங்கிய ஓரமாக. நான் குனிந்து வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்க, "முகத்தைப் பாருடா, வலிச்சா அங்கேதான் முதல்ல தெரியும்" என்றான். கிளம்பும்போது போர்வையை இழுத்துவிட்டு அவருக்கு நன்றி சொன்னான். எந்த வாய்மொழித் தேர்விலும் அதற்கு மதிப்பெண் கிடையாது.

"ஸ்கேன் இருக்கும் காலத்தில் கை எதற்கு" என்று பின்னூட்டம் வரும், தெரியும். ஸ்கேன் வேண்டாம் என்று அவனும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. எதை எடுக்க வேண்டும், எவ்வளவு அவசரம் என்பதைப் பல நேரம் கைதான் முதலில் சொல்கிறது. அவன் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது.

பல வருடம் கழித்து ஒரு காலையில் போன் செய்தான். "கண் மஞ்சளா இருக்குடா. வலி இல்லை. படுத்துத் தொட்டுப் பார்த்தேன், பித்தப்பை தட்டுப்படுது."

மருத்துவம் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கூர்வாசியே என்ற சுவிஸ் அறுவை சிகிச்சை நிபுணர் 1890-இல் எழுதியது இது. பித்தக்குழாயில் கல்லால் அடைப்பு என்றால் பித்தப்பை பெரும்பாலும் முன்பே தழும்பேறிச் சுருங்கியிருக்கும், உப்பாது. காமாலையோடு வலியில்லாத பித்தப்பை கைக்குத் தட்டுப்பட்டால் கணையத்தின் தலைப்பகுதியிலோ பித்தக்குழாயிலோ கட்டி இருக்கலாம். விதிவிலக்குகள் உண்டு. அந்த விதிவிலக்கு இவனாக இருக்கக் கூடாதா என்று வேண்டியபடி, "சரி, இன்னைக்கே சி.டி. ஸ்கேன் எடுத்துடு" என்று மட்டும் சொன்னேன். மேற்கொண்டு பேச இருவருக்கும் ஒன்றும் இல்லை.

கணையப் புற்றுதான். "டாக்டராக இருந்தும் கவனிக்காமல் விட்டாரா?" என்று அவன் வீட்டு வாசலிலேயே ஒருவர் கேட்டார். அந்த நோய் ஆரம்பத்தில் அடையாளமே காட்டாமல் இருக்கும். கண்டுபிடிக்கும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கும். அவனுக்கு இல்லை. கவனக்குறைவு என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேசட்டும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். எங்கள் செட் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அவனுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை, பெயர் வயதோடு, அப்படியே போட்டார். யாரிடமும் கேட்கவில்லை. உடனே எத்தனை மாதம் தாங்குவான் என்று விவாதம். எல்லாரும் மருத்துவர்கள். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று உறுதிமொழி எடுத்தவர்கள். அவனும் அந்தக் குழுவில் இருந்தான், எல்லாவற்றையும் படித்தான். "விடுடா, அக்கறையில பேசுறாங்க" என்று என்னைத்தான் சமாதானப்படுத்தினான்.

அவனால் விட முடிந்தது, என்னால் முடியவில்லை. அன்றே வெளியேறினேன். தலைக்கனம் என்றார்கள். இப்போது ஒன்றுகூடலுக்காகத் திரும்பச் சேரச் சொல்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டைப் போட்டவர் அவன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. நானும் சேரவில்லை.