கிளை என்பது சாதிக்குள் இன்னொரு சாதியா?

'குலம், கிளை, கோத்திரம் என்கிறார்களே, இது சாதிக்குள் இன்னொரு சாதிதானே?' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. யார் யார் நமக்கு அண்ணன் தங்கை முறை, யார் யார் கட்டிக்கொள்ளும் முறை என்று பிரித்துச் சொல்கிற கணக்குதான் அது.

எனக்குத் தெரிந்த இராமநாதபுரக் கடலோரத்தை வைத்தே சொல்கிறேன். நான் பிறந்தது கொண்டையங்கோட்டை மறவர் குடும்பத்தில். சம்பந்தம் பேச ஆள் வந்தால், ஜாதகத்தை விரிப்பதற்கு முன்னாலேயே திண்ணையிலிருந்து அப்பத்தாவின் குரல் வரும்: "பொண்ணோட ஆத்தா என்ன கிளை?" அப்பாவின் கிளையைக் கேட்க மாட்டார். எங்களுக்குக் கிளை தாய்வழியில்தான் இறங்கும். அப்பத்தா அகத்தியர் கிளை, அதனால் அப்பாவும் அத்தைகளும் அகத்தியர் கிளை. அம்மா வீரமுடிதாங்கி கிளை, அதனால் பிள்ளைகள் நாங்கள் எல்லாரும் வீரமுடிதாங்கி. ஒரே வீட்டில் அப்பாவும் அப்பத்தாவும் ஒரு கிளை, நாங்கள் வேறு கிளை. மும்மூன்று கிளை சேர்ந்தது ஒரு கொத்து. 6 கொத்து, 18 கிளை என்பது பெரியவர்கள் சொல்லும் கணக்கு. மிளகு, வெற்றிலை என்று கொத்துகளுக்குப் பெயர். ஒரே கொத்துக்குள் பெண் எடுப்பதில்லை.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மாமா மகளைக் கட்டலாம், அவள் மாமியின் கிளை. அத்தை மகளையும் கட்டலாம், அவள் அத்தையின் கிளை. ஆனால் தமிழ்நாட்டில் பல இடங்களில் சாதாரணமாக நடக்கிற தாய்மாமன் - அக்கா மகள் கல்யாணம் எங்களில் கிடையாது. தாய்மாமனும் அக்கா மகளும் ஒரே கிளையாயிற்றே! சித்தி, பெரியம்மா பிள்ளைகளும் அப்படித்தான்.

சரி, அப்பா வழி என்ன ஆனது? அது பங்காளி வகையறா. குலதெய்வம், சொத்து, சாவுத் தீட்டு எல்லாம் அந்த வழியில் வரும். மாசி சிவராத்திரிக்குக் கோயிலில் கூடுவது பங்காளிகள்தான். அதனால் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குக் கிளை வேறாக இருந்தாலும் கல்யாணப் பேச்சே எழாது. ஆக, ஒரே ஆள் இரண்டு கூட்டத்தில் நிற்கிறார்.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. கொங்குக் கவுண்டர்களில் 'கூட்டம்' என்கிற குலப் பிரிவும் நகரத்தார்களின் 9 கோயில் பிரிவும் அப்பா வழி. அமெரிக்காவின் செனகா பழங்குடியினருக்கு ஓநாய், கரடி, ஆமை என்று குலங்கள், அதுவும் எங்களைப் போலத் தாய்வழி. அவர்களின் உறவுமுறையும் தமிழர் உறவுமுறையும் ஒத்துப்போவதை அமெரிக்க மானிடவியலாளர் மார்கன் 1871-லேயே எழுதிவிட்டார். எங்கள் பக்கத்துக் கீழக்கரையில் முஸ்லிம் வீடுகளில் வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அங்கே கிளைக் கணக்கு இல்லை, ஆனாலும் தாய்வீட்டைச் சுற்றித்தான் குடும்பம்.

சாதி 'உள்ளேயே கட்டு' என்கிறது, கிளையோ 'வெளியே போய்க் கட்டு' என்கிறது. இன்னொரு கிளை இல்லாமல் ஒரு கிளைக்கு அடுத்த தலைமுறையே கிடையாது. அப்புறம் எப்படி அதில் உசத்தி, தாழ்த்தி வரும்? இப்போது இளவட்டங்கள் கிளைப் பெயரைப் பைக்கில் ஒட்டிக்கொண்டு பெருமை பேசுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதிலும் பலர் ஒட்டியிருப்பது அப்பாவின் கிளையை.

உங்கள் வீட்டிலும் தாய்வழிக் கணக்கு என்றால், அம்மாச்சியிடம் கேளுங்கள்.