பதிவு ஊரில் இல்லை தம்பி, பெங்களூரில் இருக்கிறது

தம்பி, சிங்கப்பூர் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, போன மாதம் அப்பா பெங்களூர் ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார், காவேரிப்பட்டணம் பக்கத்து உங்கள் ஊர் வி.ஏ.ஓ. "என் புத்தகத்தில் பதிவே இல்லை" என்கிறார், லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போகவா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ரூம், மெஸ், சிம் கார்டு. அதெல்லாம் உங்கள் கம்பெனி ஆட்களே சொல்லிவிடுவார்கள். சான்றிதழ் விஷயத்தை நான் சொல்கிறேன். 2009-ல் எங்கள் அம்மாவுக்கு இதேதான் நடந்தது.

வி.ஏ.ஓ. சொல்வது சரி. மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. பெரிய வியாதி என்றாலே கிருஷ்ணகிரிக்காரர்கள் ஓசூர் தாண்டி பெங்களூருக்கு ஓடுகிறோம். உயிர் அங்கே பிரிந்தால், ஊரில் கொண்டுவந்து அடக்கம் செய்தாலும், சான்றிதழ் கர்நாடகத்துடையதுதான். ஆஸ்பத்திரி மரணத்தை 21 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. வீட்டில் இறந்திருந்தால்தான் அது குடும்பத்தார் வேலை. அதனால் பயப்படாதீர்கள்.

இதை எனக்குச் சொல்ல அன்று ஆளில்லை. வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். விமானத்தில் போய் இறங்கி, அத்திப்பள்ளி வழியாக ராத்திரி ஆம்புலன்சில் அம்மாவோடு வந்தேன். ஆஸ்பத்திரியில் எண் எழுதிக் கொடுத்த மரணச் சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தேன். காலையில் அடக்கம் முடிந்து, போட்ட சட்டையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோது நீல மசி கரைந்து எண்ணே போய்விட்டது. அப்புறம் ஒரு வாரம் ஊரில் அலைந்தேன். பெங்களூருக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். புரோக்கர் ஒருவன் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. லீவு தீர்ந்து, இங்கே சம்பளமும் பிடித்தார்கள். அதனால் சொல்கிறேன், அந்தச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டில் கேட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் பெயர். நம் பக்கம் பட்டாவில் "ப்பன்" என்று முடியும் பெயரை ஆஸ்பத்திரி கவுண்டரில் "ப்பா" என்று எழுதிவிடுவார்கள். எங்கள் அப்பா பெயர் அம்மாவின் சான்றிதழில் அப்படித்தான் வந்தது. அந்த ஓர் எழுத்தால் பட்டா மாற்றம் இரண்டு வருடம் நின்றது. திருத்தலாம், ஆனால் அதே பதிவாளரிடம்தான். விவரம் தெரிந்த இருவர் உறுதிமொழி தர வேண்டும். ஆதாரையும் பட்டாவையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். சான்றிதழை ஒன்றுக்குப் பத்துப் பிரதியாக வாங்கச் சொல்லுங்கள். மரணக் காரணம் சான்றிதழில் இருக்காது, சட்டப்படி போடக்கூடாது. இன்சூரன்ஸ்காரர் கேட்பார்கள், ஆஸ்பத்திரி கொடுத்த மருத்துவச் சுருக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வாரிசுச் சான்றிதழ் மட்டும் நம் தாலுகாவில், தாசில்தாரிடம். அதற்கு அம்மாவோ தம்பியோ விண்ணப்பித்தால் போதும், நீங்கள் போக வேண்டியதில்லை. நிலத்துக்காகப் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பதானால், இங்கே கிரேஞ்ச் ரோடு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அந்தப் பத்திரம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

இங்கே நம் ஆட்கள் கூடும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கிற சிலர், "காசு கொடுத்தால் ஊரில் எல்லாம் நடக்கும்" என்பார்கள். கேட்காதீர்கள். சிங்கப்பூரில் 2022 மே 29 முதல் டாக்டர் சான்று கொடுத்ததுமே பதிவு தானாக ஆகிவிடுகிறது, சான்றிதழும் டிஜிட்டல். அதைப் பார்த்துவிட்டு நம் ஊர் வி.ஏ.ஓ.வைத் திட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. அன்று என்னை உட்காரவைத்து, "தம்பி, இது பெங்களூரில் இருக்கும்" என்று கடைசியில் சொன்னவர் எங்கள் ஊர் வி.ஏ.ஓ.தான். மொட்டை அடித்த தலையோடு அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தார்.