இரண்டு பெரிய நாய்கள் உறுமிக்கொண்டு கட்டிப் புரள்வது விளையாட்டா, சண்டையா?

விளையாட்டுச் சண்டை என்பது, காயப்படுத்தும் நோக்கமின்றி நாய்கள் ஒன்றையொன்று கடிப்பதுபோலவும் துரத்துவதுபோலவும் நடந்துகொள்வதாகும். ஒவ்வொன்றும் 30 கிலோ எடையுள்ள இரண்டு லாப்ரடார்கள் கூடத்தில் புரளும்போது பார்ப்பவருக்கு வயிறு கலங்குவது இயல்புதான் என்றாலும், அவை தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டே விளையாடுகின்றன: முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி நிற்கும் அந்த வளைவே அதற்கான அடையாளம். தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய கடிக்குச் சற்று முன்போ பின்போ நாய்கள் இப்படி வளைகின்றன என்பதை அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெக்காஃப் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். நண்பனைக் கிண்டல் செய்துவிட்டு உடனே "சும்மா சொன்னேன்டா" என்கிறோமே, ஏறக்குறைய அதுதான் இது.

வலுத்த நாய் தானே மல்லாந்து படுத்துக்கொடுப்பதும், துரத்திய நாய் அடுத்த நொடியே துரத்தப்படுவதும் நல்ல அறிகுறிகள். உடல் விறைத்து, வாய் இறுகி, ஒன்று மட்டும் ஓயாமல் தப்பிக்கப் பார்த்தால் விளையாட்டை நிறுத்திவிட வேண்டும். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் கடி நம் கையில் விழக்கூடும் என்பதால், பெயர் சொல்லி அழைத்தோ வாசற்கதவைத் திறந்து ஓசையெழுப்பியோ கவனத்தைத் திருப்புவதே பாதுகாப்பானது. (வழவழப்பான டைல்ஸ் தரையாக இருந்தால் ஒரு விரிப்பும் போடுங்கள், கனத்த உடலின் மூட்டுகளுக்கு வழுக்கல் ஆகாது.)

உறுமினாலே கோபம் என்று நினைத்துப் பலர் அதட்டுகிறார்கள். விளையாட்டிலும் நாய்கள் உரக்க உறுமும் என்பதால், ஓசையை மட்டும் வைத்து அதைச் சண்டை என்று முடிவு செய்ய இயலாது.