ஆங்கிலத்தில் ஐரிஷ் நாடகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரிஷ் நாடகத்தைத் தேசிய மறுமலர்ச்சியின் பகுதி என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் யேட்ஸ், சிங், லேடி கிரிகோரி எல்லோரும் எழுதியது ஆங்கிலத்தில்தானே? ஆள்பவனின் மொழியில் எழுதுவது என்ன மறுமலர்ச்சி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இதே கேள்வியை அன்று டப்ளினிலேயே கேட்டார்கள். ஐரிஷ் மொழியை மீட்கப் பாடுபட்ட கேலிக் லீக் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டக்ளஸ் ஹைட், 1901-இல் ஐரிஷ் மொழியிலேயே ஒரு நாடகம் போட்டு, தானே நடிக்கவும் செய்தார். ஆனால் 1840களின் பஞ்சத்தில் மடிந்தவர்கள் போக, மிஞ்சியவர்களிலும் ஏராளமானோர் கப்பலேறிவிட்டார்கள். ஐரிஷ் பேசிய ஊர்கள்தான் அதிகம் காலியாயின. டப்ளின்காரர்களில் பெரும்பாலோருக்கு அம்மொழி தெரியாது.

சிங் (பஞ்சாபிக்காரர் அல்ல, டப்ளின் பக்கத்துக்காரர்) வேறு வழி பிடித்தார். 1898 முதல் ஆண்டுதோறும் அயர்லாந்தின் மேற்குக் கரையோரத்து அரான் தீவுகளில் போய்த் தங்கி, ஐரிஷ் கற்று, மீனவர்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டார். ஐரிஷ்காரர் வாயில் ஆங்கிலம் வரும்போது, ‘இப்போதுதான் வந்தேன்’ என்பது ‘வந்ததற்குப் பின்னால் இருக்கிறேன்’ என்றாகும். வாத்தியார் சிவப்பு மையால் சுழிக்கிற வாக்கியம். சிங் அதை மேடையேற்றினார். சொற்கள்தான் ஆங்கிலம், அவற்றைக் கோத்த முறை ஐரிஷ்.

ஆனால் எனக்கு மொழியைவிட இந்த நாடகங்களைச் சுற்றி நடந்த சண்டைகள்தான் முக்கியமாகப் படுகின்றன. 1902-இல் யேட்ஸும் லேடி கிரிகோரியும் ஒரு நாடகத்தில் அயர்லாந்தையே ஒரு கிழவியாக்கி, அவள் பின்னால் கல்யாண மாப்பிள்ளை போருக்குக் கிளம்புவதாகக் காட்டியபோது டப்ளின் உருகியது. 1904-இல் இவர்களுடைய நாடகங்களுக்கென்று டப்ளினில் ஆபி அரங்கம் திறந்தது. பணம் கொடுத்தவர் ஆன்னி ஹார்னிமன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி! 1907-இல் அங்கே சிங்கின் ‘ப்ளேபாய்’ நாடகம். அப்பனைக் கொன்றுவிட்டேன் என்று சொல்லி வருகிறவனை ஒரு கிராமமே வீரனாகக் கொண்டாடுகிறது. மூன்றாம் அங்கத்தில் பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல் வந்ததும் அரங்கில் ரகளை. அப்புறம் போலீஸ் வந்தது. எங்கள் கிராமத்தான் இப்படிப்பட்டவனா என்பதுதான் தேசியவாதிகளின் கோபம்.

அரங்கத்தை நடத்தியவர்களில் ஒருவரான யேட்ஸ் நாடகத்தை நிறுத்தவில்லை. கிழவியைப் போற்றியதும் மறுமலர்ச்சிதான். ஆனால் ‘ப்ளேபாய்’ இல்லாவிட்டால் அது வெறும் திருவிழாவாகப் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

நீங்கள் சிங்கின் ‘ரைடர்ஸ் டு த ஸீ’யிலிருந்து தொடங்குங்கள். ஒரே அங்கம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கடலில் கிடைத்த காலுறையில், பின்னும்போது தான் தவறவிட்ட நான்கு கண்ணிகளைப் பார்த்து, இறந்தது தன் அண்ணன்தான் என்று ஒரு பெண் கண்டுகொள்ளும் இடத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.