மசாஜுக்குப் பிறகு இரண்டே நாளில் பழையபடி இறுக்கம்: என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு 41 வயது. கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்கக் கணினி முன்னால்தான். பிடரியும் தோள்பட்டையும் எப்போதும் இறுகிப்போய்க் கிடக்கின்றன. உடம்பு அசந்துபோயிருந்தாலும் ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை, மனசு எதையாவது ஓட்டிக்கொண்டே இருக்கிறது. மாதம் ஒருமுறை மசாஜுக்குப் போகிறேன். நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொல்வேன். வலிக்கும், ஆனாலும் அன்றைக்கு நல்ல தூக்கம். இரண்டு நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. இதனால் உடம்புக்கு நிஜமாகவே பலன் உண்டா, இல்லை மனத்திருப்தி மட்டும்தானா? எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும்? வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? தசையை அதிரத் தட்டிவிடும் 'மசாஜ் கன்' கருவி வாங்கலாமா?

பதில்: பலன் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. தசைக்குள் ஏதோ முடிச்சு விழுந்திருக்கிறது, பலமாக அழுத்தினால் அது அவிழும் என்று பலரும் நம்புகிறார்கள். கை வைத்தால் கட்டியாகத் தட்டுப்படுவதும், தொட்டால் வலிப்பதும் உண்மைதான். ஆனால் தசையிழைகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்வதில்லை. 'இறுகியே இரு' என்று நரம்பு மண்டலம் அனுப்பும் உத்தரவு ஓயாமல் வந்துகொண்டிருப்பதுதான் பெரும்பாலும் பிரச்சினை.

அந்த உத்தரவு எங்கிருந்து வருகிறது? ஒன்று, உட்காரும் விதம். மனிதத் தலை கிட்டத்தட்ட 5 கிலோ எடை. திரையைப் பார்த்துக் கழுத்தை முன்னால் நீட்டினால், அந்த எடையைப் பிடரித் தசைகள் இழுத்துப் பிடித்தாக வேண்டும். வேலை கடினமானது அல்ல, இடைவெளியே இல்லை என்பதுதான் கொடுமை. இரண்டாவது, மனப்பதற்றம். ஆபத்து என்று மூளை நினைத்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு நெஞ்சின் மேல்பகுதியோடு நின்றுவிடும், தோள் காதை நோக்கி ஏறும், தாடை இறுகும். எதிரில் நிற்பது பாம்பா, மாதக் கடைசிக் கணக்கா என்று உடம்பு வித்தியாசம் பார்ப்பதில்லை. மேல்மூச்சாக விடும்போது விலா எலும்புகளைத் தூக்கக் கழுத்துத் தசைகளும் உதவிக்குப் போகின்றன. ஏற்கெனவே அலுத்திருக்கும் தசைக்கு இது கூடுதல் சுமை. அதனால் 'உடம்புக்கா, மனசுக்கா' என்ற கேள்விக்கு என்னால் பிரித்துப் பதில் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே நரம்பு மண்டலம்தான்.

மசாஜ் கைவைப்பதும் அங்கேதான். தோலில் ஒரு தனி வகை நரம்பிழைகள் இருக்கின்றன. முடி முளைக்கும் தோலில்தான் இவை அதிகம். விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூட்டோடு, மெல்ல வருடும்போது இவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. அதைவிட வேகமாகத் தேய்த்தால் அவ்வளவாக இல்லை. இவை அனுப்பும் செய்தி, 'எங்கே தொட்டார்கள்' என்று கணக்கெடுக்கும் மூளைப்பகுதியைவிட, உணர்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகளுக்கே அதிகம் போகிறது. இப்போதே செய்து பாருங்கள்: மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை உள்ளங்கையால் ஏழெட்டு விநாடி எடுத்து நீவுங்கள். பிறகு அதே தூரத்தை ஒரே விநாடியில் தேயுங்கள். முதலாவது தடவை மூச்சு தானாகவே இறங்குவதைப் பலர் கவனிப்பார்கள்.

இப்படி நீவும்போது உடம்பு பதற்ற நிலையிலிருந்து ஓய்வு நிலைக்கு நகர்கிறது. நாடித்துடிப்பு கொஞ்சம் குறைகிறது, தசைக்கு வரும் உத்தரவும் தளர்கிறது. ஆனால் இது தற்காலிகம். திங்கட்கிழமை அதே நாற்காலி, அதே கவலை என்றால் உத்தரவு மறுபடி கிளம்பிவிடும். உங்கள் 'இரண்டு நாள்' கணக்குக்கு விளக்கம் இதுதான். மசாஜ் செய்தவர் மேல் குற்றமில்லை.

அடுத்து, அழுத்தம். இங்கேதான் நீங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். வலி அளவுக்கு மீறினால் உடம்பு அதைத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு, தற்காப்புக்கு இன்னும் இறுகும். மேசையில் குப்புறப் படுத்திருப்பவரின் கால்விரல்களைப் பார்த்தாலே தெரியும். முதுகை அழுத்தும்போது விரல்கள் மடங்குகின்றன, கை முஷ்டியாகிறது, மூச்சு நின்று நின்று வருகிறது. தளர வேண்டிய உடம்பு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. 'சுகமான வலி' என்று சொல்வோமே, அந்த எல்லை வரை சரி. மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தால் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அழுத்தம் கூடினால் பலன் கூடும் என்பதற்கு ஆய்வுகளும் பெரிதாகத் துணை நிற்பதில்லை. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 401 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு உடம்பைத் தளர்த்தும் சாதாரண மசாஜ். இன்னொரு பிரிவினருக்குக் குறிப்பிட்ட தசைகளையும் இணைப்புத் திசுக்களையும் தேடிப்பிடித்துச் செய்யும் மசாஜ். வாரம் ஒருமுறை வீதம் 10 வாரம். வழக்கமான சிகிச்சையோடு நின்றவர்களைவிட இரண்டு பிரிவினருமே நன்றாகத் தேறினார்கள். இரண்டு முறைகளுக்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. உங்களுக்கு இடுப்பு அல்ல, கழுத்து. இருந்தாலும் பாடம் பொருந்தும்.

கழுத்துக்கென்றே 2014-இல் 228 பேரிடம் நடந்த ஆய்வு உங்கள் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்கிறது. நாள்பட்ட கழுத்துவலிக்கு நான்கு வாரம் மசாஜ் கொடுத்தார்கள். 30 நிமிட மசாஜால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஒரு மணி நேர மசாஜை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை செய்துகொண்டவர்களுக்கு வலியும் குறைந்தது, கழுத்தைப் பயன்படுத்துவதும் எளிதானது. வாரம் மூன்று தடவை எல்லோராலும் போக முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் மாதம் ஒன்று என்று வருடம் முழுக்கப் பரப்புவதைவிட, அதே எண்ணிக்கையில் ஐந்தாறை நெருக்கமாக, வாரத்துக்கு ஒன்றாக எடுத்துப் பாருங்கள். ஆறு வாரம் முடிந்தும் கழுத்து அப்படியே இருந்தால், அதற்குமேல் மசாஜுக்குச் செலவழிக்க வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள். மனப்பதற்றத்துக்கும் இதே கதைதான்: ஒரு தடவை செய்துகொண்டால் அன்றைய படபடப்பு அடங்கும், தொடர்ந்து செய்துகொண்டவர்களிடம்தான் எப்போதும் இருக்கும் பதற்றம் குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன.

'நச்சு வெளியேறும்', 'லாக்டிக் அமிலம் கரையும்' என்றெல்லாம் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். உடற்பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே போய்விடும். நச்சுகளைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும். பதற்றத்தின்போது சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் தடாலென்று இறங்கும் என்பதும் மிகைதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த இறக்கம் மிகச் சிறியதாகவே இருந்தது.

சரி, அந்த இரண்டு நாளை எப்படி நீட்டுவது? மசாஜ் முடிந்து கழுத்து லேசாக இருக்கும் நேரத்தைச் சும்மா கழிக்காதீர்கள். வலி குறைந்திருக்கும்போதுதான் தசைக்குப் பலம் சேர்க்கும் பயிற்சியைத் தொடங்குவது சுலபம். டென்மார்க்கில் கழுத்து, தோள்வலி அடிக்கடி வந்த அலுவலக ஊழியர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். உடற்பயிற்சிக்கான நீள ரப்பர் பட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்க வேண்டும், அவ்வளவுதான். தினம் 2 நிமிடம் செய்தவர்களுக்கும் 10 வாரத்தில் வலி குறைந்தது. 2 நிமிடத்துக்கு நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது! கூடவே, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் செய்துகொள்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். படுக்கப் போகும் முன் பத்து நிமிடம் போதும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இடது முழங்கையை மடியிலுள்ள தலையணையில் ஊன்றிக்கொள்ளுங்கள்; கை தொங்கினால் தோள் தளராது. வலது கையால் இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கும் சதையைப் பிடியுங்கள். கட்டைவிரலால் குத்தக் கூடாது. நான்கு விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் கொத்தாகப் பிடித்து, மேலே லேசாகத் தூக்கி, அப்படியே வைத்திருங்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி, தலையை 'ஆமாம்' என்பதுபோல் நாலைந்து தடவை மெல்ல ஆட்டுங்கள். கைக்குள் சதை இளகுவது தெரியும். ஒரு விரலளவு தள்ளிப் பிடித்து மறுபடி செய்யுங்கள். பிறகு மறுபக்கம்.

தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் கை எட்டாது. அங்கே ஒரு டென்னிஸ் பந்தைச் சுவரில் வைத்துச் சாய்ந்துகொள்ளுங்கள். வலிக்கும் இடம் கிடைத்ததும் உருட்டுவதை நிறுத்திவிட்டு, நாலைந்து மூச்சுக்கு அங்கேயே நிற்க வேண்டும். பந்து முதுகெலும்பின் மேல் ஏறக் கூடாது.

தாடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பற்களைக் கடித்தால் கன்னத்தின் பின்பகுதியில் ஒரு தசை புடைக்கும். இடத்தைத் தெரிந்துகொண்டு, பற்களைப் பிரித்து வாயைத் தளரவிட்டு, அங்கே மூன்று விரல்களால் அரை நிமிடம் மெதுவாக வட்டமிடுங்கள். காலையில் எழும்போது தாடை வலிக்கிறது என்றால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று சந்தேகிக்கலாம். அதைப் பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கழுத்தின் முன்பக்கம், பக்கவாட்டு இரண்டையும் அழுத்தவே கூடாது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் அங்கே ஓடுகின்றன. அழுத்தினால் சிலருக்குத் தலை சுற்றி மயக்கமே வரும். கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கெடுப்பதையும் மறுத்துவிடுங்கள். அரிதாகத்தான் நடக்கும் என்றாலும், அதில் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது.

படுத்த பிறகு மனசு ஓடினால், 1920-களில் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் பரப்பிய முறையைப் பின்பற்றலாம். இன்றைக்கு வழக்கத்தில் இருப்பது அதன் சுருக்கம்: பாதத்தில் தொடங்கி ஒவ்வொரு தசையாக ஐந்து விநாடி இறுக்கி, அரை நிமிடம் தளரவிட்டு, மேலே முகம் வரை வருவது. கூடவே மூச்சை 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மசாஜ் தரும் அதே ஓய்வு நிலைக்கு, யாருடைய கையும் இல்லாமல் போகும் வழி இது.

இவ்வளவும் சொன்னபின் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரங்களையும் சொல்லியாக வேண்டும். கை மரத்துப்போவது, பிடிமானம் குறைவது, காய்ச்சலோடு வரும் கழுத்துவலி, காரணமில்லாமல் எடை இறங்குவது ஆகியவற்றில் எது இருந்தாலும் மசாஜை நிறுத்துங்கள். தோள், தாடை, இடது கை என்று பரவும் வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக வலித்தால் யாரையும் பிடித்துவிடச் சொல்லாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு பலமிழந்து எளிதில் முறியும் நிலையில் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் மருத்துவரைக் கேட்டுவிட்டே மசாஜுக்குப் போக வேண்டும்.

உங்கள் தூக்கமும் எனக்குக் கவலை தருகிறது. வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதமாக இப்படி இருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதலில் தரப்படும் சிகிச்சை மாத்திரை அல்ல, தூக்கத்துக்கென்றே வகுத்த நடத்தைப் பயிற்சி. மனநல மருத்துவரோ உளவியல் ஆலோசகரோ கற்றுத்தருவார்கள். எதிலும் பிடிப்பில்லாமல், மனம் சோர்ந்தே இரண்டு வாரத்துக்கு மேல் போனாலும் அவர்களைத்தான் பார்க்க வேண்டும். அந்த நிலையில் மசாஜ் துணைக்கு நிற்கும், சிகிச்சையாகாது.

மசாஜ் கன்னா? தொடை, கெண்டைக்கால் போன்ற சதைப்பிடிப்பான இடங்களில், குறைந்த வேகத்தில், ஓர் இடத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் என்றால் சரி. பயிற்சிக்குப் பிந்தைய விறைப்பு கொஞ்சம் குறையும். அளவு மீறிப் பயன்படுத்தியதில் தசை சிதைந்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போய், மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. உங்களுக்கு இறுக்கம் இருப்பதோ கழுத்தில். அந்தக் கருவியை வைக்கவே கூடாத இடங்கள் அதிகம் இருப்பதும் அங்கேதான். இப்போதைக்கு டென்னிஸ் பந்தும் ரப்பர் பட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.