‘கவர்ன்மென்ட் அப்ரூவ்டு’ என்றால் எந்தப் பேப்பர்?

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. இரண்டு வருடமாக மறதி. போன மாதம் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறோம். மாதம் 28,000 ரூபாய், டெபாசிட் 3 லட்சம். ஒரு வருடத்துக்குள் அழைத்து வந்துவிட்டால் டெபாசிட் திரும்பாது. ‘கவர்ன்மென்ட் அப்ரூவ்டு, 24 மணி நேரமும் நர்ஸ்’ என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் அக்காவோ, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் சேர்க்காதே என்கிறாள். அப்படி ஒன்று இங்கே உண்டா? தாய்மாமன் வேறு, ‘இல்லத்தில் விட்டால் போலீஸ் கேஸ் ஆகும்’ என்று மிரட்டுகிறார்.
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: மாமாவின் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 24-வது பிரிவை அவர் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். பார்த்துக்கொள்ள வேண்டியவரே ஒரு முதியவரை அடியோடு கைவிடும் எண்ணத்தில் எங்காவது விட்டுவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாதாமாதம் பணம் கட்டி, போய்ப் பார்த்துவரும் பிள்ளை இதில் மாட்டமாட்டார். ஆனால் ஒன்று, அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அக்கா, மாமா எல்லோரும் பேசுகிறார்கள், அவர் மட்டும் பேசவில்லை. மறதி இருந்தாலும் கேட்க வேண்டியது அவரைத்தான்.

இனி அக்காவின் கேள்வி. அமெரிக்காவில் மெடிகேர் (அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) இணையதளத்தில், அங்கே நர்சிங் ஹோம் எனப்படும் பராமரிப்பு இல்லத்தின் பெயரைத் தட்டினால் அரசு ஆய்வு, பணியாளர் அளவு, கவனிப்பின் தரம் மூன்றையும் கணக்கிட்டு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வந்துவிடும். இங்கே அப்படித் தட்டிப் பார்க்க வழியில்லை. ஆனால் காகிதத்தை எழுதிக் கேட்டு வாங்கலாம். முதியோர் இல்லங்கள் சமூக நலத்துறையில் பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்தில் அதைப் பார்ப்பவர் மாவட்ட சமூக நல அலுவலர். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 2(எஃப்) பிரிவில் ஒரு அருமையான வரி இருக்கிறது: ஒரு தனியார் அமைப்பைப் பற்றி அரசு அலுவலகம் வேறொரு சட்டத்தின் கீழ் பெறக்கூடிய தகவலும் ‘தகவல்’தான். ஆகவே அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள். இந்த இல்லம் பதிவாகியிருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி, மூன்று வருடத்தில் எந்தெந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, அறிக்கை நகல், வந்த புகார்கள், எடுத்த நடவடிக்கை. இவ்வளவு போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ‘ஆய்வு எதுவும் நடக்கவில்லை’ என்று பதில் வந்தால் அதையும் அக்காவுக்கு அனுப்புங்கள், அதுவும் ஒரு ரிப்போர்ட்தான்.

‘அப்ரூவ்டு’ என்று உங்களிடம் எதைக் காட்டினார்கள்? என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் நகல் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான டிரஸ்ட் பத்திரமாக இருக்கும். இல்லையென்றால் வருமான வரியின் 80ஜி சான்று. முதலாவது ஒரு டிரஸ்ட் பிறந்ததைச் சொல்கிறது, இரண்டாவது நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை தருகிறது. அந்த வீட்டில் 40 கிழவிகளைப் படுக்க வைக்கலாம் என்று இரண்டும் சொல்லவில்லை. சமூக நலத்துறைப் பதிவு, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றைக் கேளுங்கள். உங்கள் அம்மாவுக்குப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி, டியூப் என்று சிகிச்சையும் அங்கேயே நடக்கும் என்றால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இன் கீழும் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அதைத் தருவது மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்.

24 மணி நேர நர்ஸ் விஷயத்துக்குச் சட்டம் வேண்டாம், கணக்கு போதும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரே ஒரு நாற்காலி காலியாகாமல் இருக்கக் குறைந்தது நான்கு நர்ஸ் வேண்டும். ‘ரெண்டு பேர் இருக்காங்க சார்’ என்றால் ராத்திரியில் இருப்பது ஆயாதான். ஆயாவைக் குறைத்துச் சொல்லவில்லை, புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது எல்லாம் அவர்கள் கைதான். ஆனால் மூச்சுத் திணறலை அடையாளம் காண அவர்களுக்குப் பயிற்சி இல்லை. நர்ஸ்களின் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணையும் இந்த மாத டூட்டி சார்ட்டையும் கேளுங்கள். நான் நடத்திய ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த சார்ட்டில் மூன்று ஷிஃப்ட்டுக்கும் ஒரே கையெழுத்து.

முடிந்தால் சொல்லாமல், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? படுக்கையை நனைப்பார்கள் என்று தண்ணீரைக் குறைக்கிற இடங்கள் உண்டு. படுக்கைப்புண் யாருக்காவது இருக்கிறதா, ஆறு மாதத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள், அதற்கு நோட்டு இருக்கிறதா என்று விசாரியுங்கள். யாரையாவது கட்டிலோடு கட்டியிருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியில் கிடந்த 28 பேர் வெந்து இறந்த மாநிலம் இது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, ‘மனநோய்’ என்பதில் நினைவாற்றல் சார்ந்த கடும் கோளாற்றையும் சேர்க்கிறது. அந்தச் சட்டப்படி சங்கிலி அறவே கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பிலுள்ள மனநல மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே கட்டுப்படுத்தலாம்.

அப்புறம் அந்த மலை. இருபது கொண்டை ஊசி வளைவு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையே அடைபட்டது. இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு யார், எந்த வண்டியில் இறக்குவார்கள்? இதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். என் சொந்த அபிப்பிராயம், குளிருக்கும் சேர்த்து, அடிவாரத்திலோ அஸ்தம்பட்டி பக்கமோ கிடைத்தால் அதுவே மேல். வாரம் ஒருமுறை போவது அங்கேதான் நடக்கும்.

டெபாசிட் ஷரத்தைக் கையெழுத்துக்கு முன்பே மாற்றுங்கள்: ஒரு மாத நோட்டீஸ், பாக்கி போக மீதி 30 நாளில் திரும்ப. மறுத்தாலும் அவர்கள் எழுதியதே வேதம் ஆகிவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடு மட்டுமே பிடிக்கலாம். அளவுக்கு மீறிய டெபாசிட்டை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்கிறது, அந்தப் புகார் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போகும். கவனிப்பில் குறை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. கோட்டாட்சியர் தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயத்துக்கு ஓடாதீர்கள், அது பிள்ளைகள், உறவினர்கள் மீது வழக்குப் போடும் இடம். அம்மாவின் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

மனு பதில் வரும்வரை ஒரு மாதத்துக்குப் பகலில் மட்டும் வீட்டுக்கு ஒரு அட்டெண்டர் வைத்துச் சமாளியுங்கள். அட்வான்ஸ் கேட்டு போன் வந்தால், சமூக நலத்துறைப் பதிவுச் சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.