ஓ.டி.பி. மகனுக்கு, ஊசி அம்மாவுக்கு: முதியவர்களின் தடுப்பூசிக் கேள்விகள்

கொழும்பில் பொதுச் சுகாதாரத் தாதியாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வயதானவர்களின் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஊசியைப் பற்றியதே இல்லை, ஊசிக்கு இணையத்தில் பதிந்து நேரம் எடுப்பதைப் பற்றியது. அது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. ஊசிக்குப் பயப்படாத மனுசர் போனுக்குப் பயந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

அம்மாவுக்கு 76 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறோம். இணையத்தில் பதியப் போனால் அடையாள அட்டைக்கு 12 இலக்கம் கேட்கிறது. அம்மாவின் பழைய அட்டையில் 9 இலக்கமும் வி எழுத்தும்தான் இருக்கிறது. புது அட்டை எடுக்க வேண்டுமா?

வேண்டாம், அந்த அட்டை செல்லும். 12 இலக்க அட்டை 2016 இல்தான் வந்தது, அதற்கு முந்திய அட்டையை வைத்திருக்கும் ஆட்கள் இன்னும் ஏராளம். பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்றுவது சுலபம். முதலில் 19 போடுங்கள், பிறகு பழைய அட்டையின் முதல் ஐந்து இலக்கங்கள், பிறகு ஒரு பூச்சியம், பிறகு மீதி நான்கு இலக்கங்கள். கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள், எண்ணிப் பார்த்தால் 12 வரும். அப்புறம் இன்னொன்று. பழைய அட்டையில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது இலக்கங்களை ஒரே எண்ணாக வாசித்துப் பாருங்கள், பெண்கள் என்றால் அது 500 க்கு மேல் இருக்கும், ஏனென்றால் பிறந்த நாள் வருடத்தில் எத்தனையாவது நாளோ அதோடு 500 கூட்டித்தான் பெண்களுக்குப் போடுவார்கள். அவசரத்தில் அப்பாவின் இலக்கத்தை அம்மாவுக்கு அடித்துவிட்டு, பிறகு வரிசையில் நின்று தகராறு பட்ட குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். அனுப்ப முதல் அந்த மூன்று இலக்கத்தையும் ஒருதரம் பாருங்கள்.

இலக்கம் சரியானாலும் பெயர் மாட்டும். 2021 இல் கோவிட் ஊசி போட்ட நாட்களில் என் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அவவுக்கு அப்போது 81. பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். பிளாஸ்டிக் கதிரையில், மடியில் தண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு, ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை அந்த மனுசி இருந்தா. கடைசியில் நான் பட்டியலை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் தேடினால், பெயர் இருக்கிறது. ஆங்கில எஸ்ஸில் தொடங்க வேண்டிய பெயரை யாரோ ஆங்கில சியில் தொடங்கி எழுதியிருக்கிறார்கள், அதனால் அகர வரிசையில் வேறு பக்கத்துக்குப் போய்விட்டது. "நான் உயிரோடதானே இருக்கிறன், ஏன் பிள்ளை பேர் இல்லை எண்டீனம்?" என்று கேட்டா. அந்தக் குரலை இன்னும் மறக்கவில்லை.

அதனால் வீட்டில் எப்படிக் கூப்பிட்டாலும், பிறப்புச் சான்றிதழில் எப்படி இருந்தாலும், பதியும்போது அடையாள அட்டையில் உள்ள பெயரை அப்படியே போடுங்கள், அதில் ஆங்கிலம் இருந்தால் அந்த எழுத்துகளையே போடுங்கள். முதலெழுத்துகளின் ஒழுங்கையும் மாற்றாதீர்கள். போகும்போது அட்டையோடு அதன் போட்டோ கொப்பி ஒன்றும் கிளினிக் கொப்பியும் பையில் இருக்கட்டும்.

பதிந்தால் ஓ.டி.பி., அதுதான் உறுதிப்படுத்தக் கேட்கும் இலக்கம், தோஹாவில் இருக்கும் மகனின் போனுக்குப் போகிறது. அவர் வேலையில் நிற்பார், பார்த்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று முறை இப்படி. (72 வயது, கொட்டாஞ்சேனை)

ஐயா, உங்களிடம் இருப்பது பட்டன் போன் என்று எழுதியிருந்தீர்கள். அது போதும். ஓ.டி.பி. சாதாரண எஸ்.எம்.எஸ். ஆகத்தான் வரும், அதற்கு ஸ்மார்ட் போன் தேவையில்லை. மகன் அங்கிருந்தே பதியட்டும், ஆனால் தொலைபேசி இலக்கம் என்ற இடத்தில் உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள். பதிகிற நேரத்தில் இருவரும் பேசிக்கொண்டிருந்தால் இலக்கம் வந்ததும் வாசித்துச் சொல்லிவிடலாம். போன் பேசும்போது எஸ்.எம்.எஸ். பார்ப்பது கஷ்டம் என்றால் வீட்டுப் போனிலோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனிலோ பேசுங்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நேரம் மாறினால், கிளினிக் ரத்தானால், அந்தச் செய்தியும் உங்களுக்கே வரும். மகனுக்கு வந்து அவர் இரவு பார்த்து உங்களுக்குச் சொல்லும்போது நீங்கள் ஓட்டோவுக்குக் காசு கொடுத்துப் போய்த் திரும்பியும் வந்திருப்பீர்கள்.

சரி, முக்கியமான விசயம். நீங்கள் கேட்காமல் வரும் ஓ.டி.பி. யை யாருக்கும் சொல்லாதீர்கள். "சுகாதார அமைச்சிலிருந்து பேசுகிறோம், ஊசிக்குப் பதிகிறோம், இப்போது வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் போனை வையுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம். அப்படித்தான் வாட்ஸ்அப்பைப் பறிக்கிறார்கள், பிறகு உங்கள் பெயரில் சொந்தக்காரரிடம் காசு கேட்பார்கள். அரசாங்கத் தடுப்பூசி இலவசம், அதற்கு வங்கி அட்டை இலக்கம் ஒருபோதும் தேவைப்படாது.

இணையத்தில் பதியாவிட்டால் ஊசி இல்லையா? நேரில் போனால் திருப்பி அனுப்புவார்களா?

இந்தப் பயத்தைத்தான் முதலில் போக்க வேண்டும். இணையப் பதிவு என்பது வரிசையைக் குறைக்கச் செய்த ஒரு வசதி, அவ்வளவுதான். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு, நாங்கள் எம்.ஓ.எச். ஒபிஸ் என்று சொல்வோமே, அங்கே நேரில் போய் எந்த நாள், எத்தனை மணி என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கொழும்பு நகருக்குள் இந்தச் சேவைகளை மாநகர சபையின் சுகாதாரப் பிரிவு நடத்துகிறது, அதனால் விசாரிக்கும்போது "மாநகர சபைக்கு உட்பட்ட இடமா" என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். எங்கே போவதென்றே புரியாவிட்டால் 1919 க்கு எடுங்கள், அது அரசாங்கத் தகவல் நிலையம், தமிழிலும் பேசலாம். சிங்களத்தில் துண்டு தந்தால் வெட்கப்பட வேண்டாம், தமிழும் 1987 முதல் இந்த நாட்டின் அரச கரும மொழி, வாசித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

60 வயது கடந்தவர்கள் முதியோர் அடையாள அட்டை எடுத்து வையுங்கள். முதியோருக்கான தேசிய செயலகம் தருவது, பிரதேச செயலகம் மூலம் விண்ணப்பிக்கலாம், கிராம உத்தியோகத்தரைக் கேட்டால் வழி சொல்வார். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, ஆனாலும் அந்த அட்டையை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். ஆஸ்பத்திரி வரிசையில் அதைக் கையில் எடுத்துக் காட்டி, "மிஸ்ஸி, எனக்கு நிற்க ஏலாது" என்று சொல்லுங்கள்.

எனக்கு சீனி வருத்தம், வயது 74. ப்ளூ (இன்புளுவென்சா காய்ச்சல்) ஊசி போடச் சொன்னார் டொக்டர். எம்.ஓ.எச். ஒபிஸில் கேட்டால் இல்லை என்கிறார்கள். வயசாளி என்று தட்டிக் கழிக்கிறார்களா?

இல்லை அம்மா, உண்மையில் அங்கே இல்லை. நமது தேசிய தடுப்பூசித் திட்டம் 1978 இல் தொடங்கியது, அது முக்கியமாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும். முதியவர்களுக்கான ப்ளூ ஊசியும் நியூமோனியா ஊசியும் அந்த இலவச அட்டவணையில் இல்லை, தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். வயதானவர்கள் கூடிக்கொண்டே போகும் நாட்டில் இது இலவசமாக வர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். சீனி வருத்தக்காரருக்கு ப்ளூ வந்தால் சளிக்காய்ச்சலோடு நிற்காது, நெஞ்சுக்குள் இறங்கி, சீனியையும் ஏற்றி, வார்ட்டில் படுக்க வைத்துவிடும்.

போக முதல் போன் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: ஊசி இப்போது கையிருப்பில் இருக்கிறதா, எல்லாமாக எவ்வளவு, டொக்டரின் துண்டு வேண்டுமா. டொக்டரை செனல் பண்ணினால்தான் போடுவோம் என்று சில இடங்களில் சொல்வார்கள், அந்தக் காசையும் சேர்த்துக் கேளுங்கள். இலங்கையில் ப்ளூ பொதுவாக வருடத்தில் இரண்டு தரம் கூடும், ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பரிலிருந்து வருடத் தொடக்கம் வரை இன்னொன்று. ஊசி வேலை செய்ய இரண்டு கிழமை எடுக்கும், ஆகவே அதற்கு முன்னே போடுங்கள். ப்ளூ ஊசி வருடாவருடம். நியூமோனியா ஊசி அப்படி இல்லை, எது, எத்தனை என்பதை டொக்டர் சொல்வார். இரண்டையும் ஒரே நாளில் இரண்டு கையிலும் போடலாம், இரண்டு தரம் அலையத் தேவையில்லை.

அப்பாவை ஒழுங்கை நாய் கடித்துவிட்டது, சின்னக் காயம். திங்கட்கிழமைக்கு நேரம் எடுக்கப் பார்க்கிறேன், கிடைக்குமா?

நேரம் எடுக்காதீர்கள். இதை வாசிக்கும்போதே எழும்பிப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசிக்குப் பதிவும் கிடையாது, திங்கட்கிழமையும் கிடையாது. குழாய்த் தண்ணீரை ஓட விட்டு சவர்க்காரம் போட்டு 15 நிமிசம் காயத்தைக் கழுவுங்கள், மஞ்சள், கோப்பித்தூள் ஒன்றும் பூச வேண்டாம். பிறகு உடனே கிட்ட இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. இலவசம். நாய் வீட்டுநாயா, ஊசி போட்டதா, இப்போது எங்கே நிற்கிறது என்பதை விசாரித்துக்கொண்டு போனால் டொக்டருக்கு உதவி, ஆனால் அதை விசாரிப்பதற்காகப் பிந்தக் கூடாது. அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாகக் காப்பாற்ற முடியாத வருத்தம் அது. அடுத்த ஊசிகளுக்கான திகதிகளைத் துண்டில் எழுதித் தருவார்கள், காயம் ஆறிவிட்டது என்று அப்பா போகாமல் விட்டுவிடுவார், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உம்மா இந்த முறை ஹஜ்ஜுக்குப் போகிறா, 69 வயது. மூளைக்காய்ச்சல் ஊசி எங்கே, எப்போது? (தெமட்டகொடை)

பொரளையில் உள்ள எம்.ஆர்.ஐ., மருத்துவ ஆராய்ச்சி நிலையம், வெளிநாட்டுப் பயணத் தடுப்பூசிகள் அங்கேதான். பயண முகவரே குழுவாகக் கூட்டிப்போகிறாரா என்று முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் போன் எடுத்து நாளையும் நேரத்தையும் உறுதி செய்துவிட்டுப் போங்கள், கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். சவூதிக்குப் போய் இறங்க 10 நாளைக்கு முன்னாவது ஊசி போட்டிருக்க வேண்டும், கடைசிக் கிழமைக்குத் தள்ளாதீர்கள். சான்றிதழைப் போட்டோ பிடித்து உங்கள் போனிலும் வையுங்கள். சனக்கூட்டத்தில் இருமல் பரவும், ஆகவே ப்ளூ ஊசியையும் டொக்டரிடம் கேளுங்கள்.

இதோடு சேர்த்து, ஆபிரிக்க நாடுகளில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றிக் கேட்டிருந்தார்கள். 60 வயதுக்கு மேல் அந்த ஊசியை முதன்முதலாகப் போடும்போது பக்க விளைவு வரும் வாய்ப்பு கூட, ஆகவே உங்கள் வருத்தங்கள், குளிசைகள் எல்லாவற்றையும் ஊசி போடும் இடத்து டொக்டரிடம் சொல்லாமல் கையை நீட்டாதீர்கள்.

அக்கா லண்டனில் தனியே இருக்கிறா, 77 வயது. ஊசிக்கு லிங்க் ஒன்று மெசேஜில் வருகிறதாம், திறக்கப் பயப்படுகிறா. இங்கிருந்து நான் என்ன செய்யலாம்?

லிங்கைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். அவவுடைய ஜி.பி. சேர்ஜரிக்கு, அதாவது குடும்ப டொக்டரின் நிலையத்துக்கு, நேரே போன் எடுத்துக் கேட்கட்டும், அல்லது அங்கிருந்து 119 க்கு எடுக்கட்டும், இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். 65 வயதிலிருந்து ப்ளூ ஊசி அங்கே இலவசம், முதியவர்களுக்கு ஒக்டோபரில் தொடங்கும், பக்கத்து பார்மசியிலும் போடுவார்கள். அவவின் வயதுக்கு ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரசுக்கான ஊசியும் அக்கி ஊசியும் கூட உண்டு, இரண்டும் போட்டாச்சா என்று ஜி.பி. யிடம் கேட்கச் சொல்லுங்கள். அவ பேசும்போது நீங்கள் வாட்ஸ்அப்பில் பக்கத்தில் இருங்கள். தனியே இருக்கிற மனுசிக்கு அதுவே பெரிய தைரியம்.

மகள் எல்லாவற்றையும் தானே பதிகிறாள். எந்த ஊசி, எந்த நாள் என்று எனக்குச் சொல்வதில்லை. காலையில் "வெளிக்கிடுங்கோ அப்பா" என்பாள். கேட்டால் கோபம். (79 வயது, மட்டக்குளி)

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகள் அன்பில்தான் செய்கிறா, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வேலை, பிள்ளைகள், அதற்குள் உங்கள் கிளினிக், எல்லாம் ஒரு போனுக்குள். ஆனால் ஊசி ஏறுவது உங்கள் கையில். இது என்ன ஊசி, ஏன் எனக்கு, போட்ட பிறகு என்ன செய்யும் என்று கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது ஊசி போடுகிறவரின் கடமை. ஊசி அறையில் நான் எப்போதும் நாற்காலியில் இருப்பவரைப் பார்த்துத்தான் பேசுவேன், பின்னால் நிற்கும் மகனையோ மகளையோ பார்த்து அல்ல. "அவருக்கு அலர்ஜி இருக்கா?" என்று பிள்ளையிடம் கேட்டால், பக்கத்தில் இருக்கும் மனுசர் தன்னை ஒரு பார்சல் மாதிரி உணருவார்.

கோபப்படாத ஒரு நேரம் பார்த்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, இந்தப் பகுதியை மகளுக்குக் காட்டுங்கள். பதிந்த உடனே ஊசியின் பெயர், இடம், திகதி, நேரம் நாலையும் உங்களுக்கு வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். சுவரில் கலண்டர் இருக்கும்தானே, பேனையை எடுத்து அந்தத் திகதியில் நீங்களே உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள், பெரிய எழுத்தில்.